துட்டு வந்த வழி: லெய்டன் முதல் பழவேற்காடு வரை

நாள் 1: லெய்டன், அகராதி வேட்டை

"கையில துட்டு இல்ல" என்று நாம் சொல்லும்போது வாயில் வருவது ஒரு டச்சுச் செப்புக்காசின் பெயர். டச்சில் அதை டி, யு, ஐ, டி என்று நான்கே எழுத்தில் எழுதுகிறார்கள். நடுவில் வரும் ஒலி ‘ஆய்’க்கும் ‘ஓய்’க்கும் இடைப்பட்டது, இங்கே டாய்ட் என்று எழுதிக்கொள்வோம். இந்தச் சொல் எந்த வேரிலிருந்து கிளைத்தது, எந்த ஊரில் காசாக அடிக்கப்பட்டது, எப்படி நம் கரைக்கு வந்தது என்று ஊர் ஊராகப் பார்க்கும் பயணம் இது. நெதர்லாந்தில் ஐந்து நாள், ஆறாம் நாள் ஊர் திரும்ப, ஏழாம் நாள் பழவேற்காட்டில்.

ஸ்கிபோல் விமான நிலையத்துக்கு அடியிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. லெய்டனுக்கு இருபது நிமிடம்கூட ஆகாது. தனியாக டிக்கெட் எடுக்க வேண்டியதில்லை. தொட்டுக் கட்டணம் செலுத்தும் வங்கி அட்டையை ஏறும் முன் ஒருமுறையும் இறங்கிய பின் ஒருமுறையும் இயந்திரத்தில் காட்டினால் போதும். பலர் தவறுவது ஒரே இடத்தில்தான்: ஏறும்போது போனைக் காட்டிவிட்டு இறங்கும்போது அட்டையைக் காட்டுவது. இரண்டும் ஒரே வங்கிக் கணக்காக இருந்தாலும் இயந்திரத்துக்கு அவை வேறு வேறு அட்டைகள். வெளியேறியதாகப் பதிவாகாததால் பயணக் கட்டணத்தைவிடப் பெரிய தொகை பிடித்தமாகும்.

லெய்டனில் இருக்கிறது டச்சு மொழி நிறுவனம். அது அருங்காட்சியகமல்ல, அதன் செல்வம் முழுவதும் இணையத்தில் இலவசமாகக் கிடைக்கிறது. நான்கு வரலாற்று அகராதிகளை ஒரே தேடுபெட்டிக்குள் இணைத்து வைத்திருக்கிறார்கள். பழைய டச்சுக்கு ஒன்று, 13 ஆம் நூற்றாண்டுக்கு ஒன்று, மத்திய டச்சுக்கு ஒன்று, 1500க்குப் பிந்திய மொழிக்கு ஒன்று. கடைசியாகச் சொன்னதன் முதல் பகுதி 1864 இல் வந்தது, வேலை முடிந்தது 1998 இல். நான்கு தலைமுறை அறிஞர்கள் உழைத்த நூல் அது. இவை தவிர, சொற்பிறப்பு அகராதிகளைத் தொகுத்துத் தரும் தனித் தளமும் உண்டு. முதலில் அதைப் பார்த்துவிட்டுப் பெரிய அகராதிக்குப் போவது நல்லது. இல்லாவிட்டால் மேற்கோள் கடலில் மூழ்க வேண்டியதுதான்.

தேடும்போது இரண்டு பள்ளங்களைக் கவனிக்க வேண்டும். பழைய ஏடுகளில் இந்தச் சொல் யு, ஒய் சேர்ந்தும் ஓ, ஒய் சேர்ந்தும் எழுதப்பட்டிருக்கும். இன்றைய எழுத்தில் மட்டும் தேடினால் பழைய ஆவணங்கள் கைக்கு அகப்படா. இரண்டாவது பள்ளம் இதைவிட ஆழம். டாய்ட்டோடு ஓர் ‘எஸ்’ சேர்த்தால் டாய்ட்ஸ், அதாவது ஜெர்மன் மொழி. அதன் வேர் முற்றிலும் வேறு. ‘மக்கள்’ என்று பொருள்படும் பழைய ஜெர்மானியச் சொல்லிலிருந்து வந்தது அது. ஆங்கிலேயர் சொல்லும் ‘டச்சு’வும் அதே வேர்தான்.

நம் ஊரிலும் இந்தக் குழப்பம் உண்டு. ‘டச்சுக்காரன் காசு, அதனால் துட்டு’ என்பார்கள். கேட்க நன்றாக இருக்கிறது, உண்மை இல்லை. டச்சு என்பது ஆங்கிலேயர் வைத்த பெயர். தமிழில் அவர்களுக்கு அன்று வழங்கிய பெயர் ஒல்லாந்தர். யாழ்ப்பாணத்துப் பழைய எழுத்துகளில் இன்றும் அதைப் பார்க்கலாம். ஒல்லாந்தர் என்று அழைத்தவர்கள் அவர்கள் காசுக்கு மட்டும் ‘டச்சு’ என்று பெயர் வைத்திருக்க முடியாது.

நாள் 2: லெய்டன், வெட்டிய வெள்ளி

ராப்பன்பர்க் கால்வாய்க்கரையில் தேசியத் தொல்பொருள் அருங்காட்சியகம் இருக்கிறது. ரயில் நிலையத்திலிருந்து பத்துப் பதினைந்து நிமிட நடை. திங்கட்கிழமை விடுமுறை, அதனால் நாளை முன்பே கணக்கிட்டுக்கொள்ள வேண்டும். எகிப்துக் கூடங்களைப் பார்க்கத்தான் பெரும்பாலோர் வருகிறார்கள். துட்டுக்காக வருபவர் நேரே நெதர்லாந்துப் பகுதிக்குப் போய் வெஸ்டர்கிளீஃப் புதையலைக் கேட்க வேண்டும். வட ஹாலந்தின் வீரிங்கன் பகுதியில் 1990களில் கிடைத்த, வைக்கிங் என்ற ஸ்காண்டிநேவியக் கடலோடிகளின் வெள்ளி அது, 9 ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. நகை உண்டு, வார்த்த வெள்ளிக் கட்டி உண்டு, அரபு வெள்ளிக் காசும் உண்டு. சில துண்டுகளின் ஓரத்தை உற்றுப் பாருங்கள். வட்டமாகத் தேய்ந்த விளிம்பல்ல, உளி வைத்து வெட்டிய நேர்கோடு தெரியும். வைக்கிங் வணிகர்கள் காசை எண்ணுவதில்லை, தராசில் நிறுத்தார்கள். எடை கூடினால் வெட்டினார்கள்.

டாய்ட்டின் சொற்பிறப்பு இந்த வெட்டோடுதான் சேர்கிறது. வைக்கிங்குகள் பேசிய பழைய நோர்ஸ் மொழியில் ‘த்வெய்ட்’ என்றால் வெட்டி எடுத்த துண்டு. சிறு காசு என்ற பொருளும் அதற்கு உண்டு. முதல் ஒலி ஆங்கிலத்தில் ‘திங்’ என்னும்போது வரும் ஒலி. இதற்கு அடியில் இருப்பது வெட்டு, சீவு என்ற வினை. கத்தியால் குச்சியைச் சீவுவதற்கு ஆங்கிலத்தில் இன்று சொல்லும் ‘விட்டில்’ என்ற சொல்லும் அதே வினையின் வழிவந்ததே. வடக்கு இங்கிலாந்தில் ‘த்வெயிட்’ என்று முடியும் ஊர்ப்பெயர்கள் ஏராளம். காட்டை வெட்டித் திருத்திய நிலம் என்று பொருள். 2016 உலகக் கோப்பை இறுதிப் போட்டியில், கொல்கத்தாவில், கடைசி ஓவரில் வரிசையாக நான்கு சிக்சர் அடித்தாரே கார்லோஸ் பிராத்வெயிட், அவர் குடும்பப் பெயரின் பின்பாதி இதுதான். ‘அகன்ற வெட்டுநிலம்’ என்று பெயர். பிராத்வெயிட்டும் துட்டும் அநேகமாக ஒரே வேரின் இரண்டு கிளைகள்.

இங்கே ஒரு முடிச்சு இருக்கிறது. ஆங்கிலத்தின் ‘த்’ டச்சில் ‘ட்’ ஆவது ஒழுங்கான மாற்றம்: த்ரீ என்பது ட்ரீ, திங் என்பது டிங். ஆனால் ‘த்வ’ என்று தொடங்கும் சொல் டச்சில் ‘ட்வ’ என்றே வர வேண்டும். குறுக்கே என்று பொருள் தரும் டச்சுச் சொல் ‘ட்வார்ஸ்’, ஆங்கில உறவு ‘த்வார்ட்’. அந்தக் கணக்குப்படி டாய்ட்டிலும் ஒரு வகரம் இருந்தாக வேண்டும், இல்லை. அதனால்தான் சொற்பிறப்பாளர்கள் இந்த உறவை எழுதும்போது ‘அநேகமாக’ என்று சேர்த்தே எழுதுவார்கள். அந்த ஒரு சொல்லை விட்டுவிட்டு மேற்கோள் காட்டக் கூடாது.

நாள் 3: டோர்ட்ரெக்ட்

லெய்டனிலிருந்து ஹேக், ராட்டர்டாம் வழியாக ஏறக்குறைய ஒரு மணி நேரம். ஹாலந்து மாகாணத்தின் அக்கசாலை, அதாவது நாணயம் அடிக்கும் இடம், இருந்தது இங்கேதான். பழைய நகரின் நீண்ட வீதியான ஃபோர்ஸ்ட்ராட்டில் அதன் கல் நுழைவாயில் நிற்கிறது. 1555 ஆம் ஆண்டு வேலைப்பாடு. 1806 இல் நாணயம் அடிக்கும் வேலை முழுவதும் உட்ரெக்டுக்குப் போனதோடு இந்த அக்கசாலையின் கதை முடிந்தது.

டாய்ட் எந்தப் படியில் இருந்தது என்பதை இங்கே மனதில் ஏற்றிக்கொள்வது நல்லது. 1 கில்டருக்கு 20 ஸ்டைவர். 1 ஸ்டைவருக்கு 8 டாய்ட். ஆக 1 கில்டருக்கு 160 டாய்ட். டாய்ட்டுக்கும் கீழே பென்னிங் என்ற கணக்கு இருந்தது, 2 பென்னிங் 1 டாய்ட். அதாவது ஏழைகளின் கையில் புரண்ட காசு இது, கோயில் தட்டில் விழுந்த காசு.

செய்முறை எளிது. செப்புத் தகட்டை உருளையில் கொடுத்து ஒரே கனத்துக்கு இழைப்பார்கள். வட்டவட்டமாக வெட்டி எடுப்பார்கள். உருளையில் அழுந்தி இறுகிப்போன செம்பைச் சூட்டில் காய்ச்சி இளக்கி, புளிப்பு நீரில் போட்டுக் கறுப்பை நீக்குவார்கள். பிறகு மேலே ஒன்று கீழே ஒன்று என இரண்டு அச்சுகளுக்கு நடுவில் வைத்துத் திருகு அழுத்தியால் ஒரே இறுக்கு. வில்லை கொஞ்சம் நகர்ந்திருந்தால் ஆண்டு பாதி வெளியே போய்விடும். அச்சு விரிசல் கண்டிருந்தால் காசின்மேல் மயிரிழை போல் மேடான கோடு விழும். கீறல் பள்ளமாக இருக்கும், அச்சு விரிசல் மேடாக இருக்கும். கையில் ஒரு பழங்காசு கிடைத்தால் நகத்தால் தடவிப் பார்த்தே இரண்டையும் பிரித்துவிடலாம்.

டச்சுப் பேச்சில் டாய்ட் இன்று மரபுத்தொடர்களுக்குள்தான் அதிகம் வாழ்கிறது. ‘ஒரு சிவப்பு டாய்ட்கூட இல்லை’ என்பார்கள். சிவப்பு என்றது செம்பை. நம் சல்லிக்காசு போலவே. ஒரு பேச்சில் தானும் கருத்துச் சொல்வதற்கு ‘பைக்குள் தன் டாய்ட்டைப் போடுவது’ என்று பெயர். நீளக் கழியின் நுனியில் துணிப்பையைக் கட்டித் தேவாலயத்தில் வரிசை வரிசையாக நீட்டுவார்களே, அந்தக் காணிக்கைப் பை. காசுப்பேய் பிடித்தவனுக்கு டாய்ட் திருடன் என்று பெயர். ஆனால் கடையில் நின்று ‘டாய்ட் எவ்வளவு’ என்று யாரும் கேட்பதில்லை. பணத்துக்கு அன்றாடப் பெயராக அந்தச் சொல் தமிழிலும் மலாயிலும் உயிரோடு இருக்கிறது. இதைத்தான் இந்தப் பயணம் முழுவதும் நினைவில் வைக்க வேண்டும்.

நாள் 4: மிடில்பர்க்

டோர்ட்ரெக்டிலிருந்து ஃபிலிஸிங்கன் போகும் ரயிலில் சுமார் ஒன்றரை மணி. சீலாந்து மாகாணத்தின் தலைநகர், ஒல்லாந்தக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆறு கிளைகளில் ஒன்று இருந்த ஊர். கம்பெனி 1602 இல் பிறந்தது, 1799 கடைசியில் கலைக்கப்பட்டது. சீலாந்தின் அக்கசாலை நடு ஊரில் உள்ள பழைய மடாலய வளாகத்தில் இயங்கியது. அதே வளாகத்தில் இன்று சீலாந்து அருங்காட்சியகம் இருக்கிறது.

கப்பலேறிய காசின் கதை இங்கேதான் விளங்கும். நெதர்லாந்தில் 1 ஸ்டைவருக்கு 8 டாய்ட் என்று பார்த்தோம். கம்பெனியின் ஆசியப் பகுதிகளில் அதே ஸ்டைவருக்கு 4 டாய்ட்தான். அதாவது கப்பலேறியவுடன் காசின் மதிப்பு இரட்டிப்பு. ஒரு மாலுமி 1 கில்டருக்கு 160 டாய்ட் மாற்றிப் பெட்டியின் அடியில் மறைத்துக்கொண்டு போனால், இறங்கிய இடத்தில் அது 40 ஸ்டைவர், 2 கில்டர். மிளகு வாங்க வேண்டாம், பருவக்காற்றுக்குக் காத்திருக்க வேண்டாம், செம்பைச் சுமந்தாலே லாபம். கடத்தல் பெருகியது. கம்பெனி கண்டுபிடித்த மருந்து, தன் முத்திரை பதித்த தனி டாய்ட். 1726 முதல் அது அடிக்கப்பட்டது. முத்திரை இல்லாத உள்நாட்டு டாய்ட் ஆசியாவில் செல்லாது என்று ஆனது. நம் முன்னோர் கைக்கு வந்த டாய்ட் பெரும்பாலும் இந்த முத்திரைக் காசுதான்.

ஒரு காசை எடுத்து வைத்துக்கொண்டு பார்ப்போம். விட்டம் 21 அல்லது 22 மில்லிமீட்டர், எடை 3 கிராமை ஒட்டி. கையில் இருக்கும் 5 யூரோ சென்ட் காசும் ஏறக்குறைய இதே அகலம், 21.25 மில்லிமீட்டர், நிறமும் செம்பு. ஒரு பக்கத்தில் கம்பெனியின் டச்சுப் பெயருக்கு உரிய முதலெழுத்துகள்: பெரிய ‘வி’ எழுத்து. அதன் இடது காலின்மேல் சிறிய ‘ஓ’, வலது காலின்மேல் சிறிய ‘சி’. மூன்றும் பின்னிக் கிடக்கும், கீழே ஆண்டு. மறுபக்கத்தில் மாகாணத்தின் சின்னம். எந்த மாகாணம் என்பதைச் சிங்கத்தை வைத்தே சொல்லிவிடலாம். கேடயத்துக்குள் ஒற்றைச் சிங்கம் நிமிர்ந்து நின்றால் ஹாலந்து. இடுப்பளவு அலைக்குள் நின்று எழும் சிங்கம் என்றால் சீலாந்து. கீழே அலைக்கோடுகள் தெரியும். இரண்டு சிங்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாக நடந்தால் மேற்கு ஃபிரீஸ்லாந்து. கேடயத்தை வெளியிலிருந்து இரண்டு சிங்கங்கள் தாங்கிப் பிடித்தால் உட்ரெக்ட். கேடயத்துக்கு உள்ளேயே இரண்டு சிங்கங்கள் எதிரெதிரே நின்றால் கெல்டர்லாந்து. தேய்ந்த காசில் முதலில் மறைவது கேடயத்தின் நடுப்பகுதி. அப்போது அலைக்கோட்டையும் கேடயத்தைத் தாங்கும் சிங்கத்தின் காலையும் தேடுங்கள். விளிம்புப் பக்கம் இருப்பதால் அவை கொஞ்ச காலம் கூடுதலாகத் தாங்கும்.

பழைய பொருள் சந்தையில் வாங்குவதானால் ஒரு சிறு காந்தத்தைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ளலாம். உண்மையான டாய்ட் செம்பு, காந்தம் ஒட்டாது. ஒட்டினால் இரும்பின்மேல் செம்பு பூசிய நகல். ஒட்டாததால் மட்டும் அசல் ஆகிவிடாது; அடுத்து விளிம்பைச் சுற்றிப் பாருங்கள். வார்ப்பில் ஊற்றிய போலிக்கு விளிம்பு நடுவே ஒரு தையல்கோடு இருக்கும், மேற்பரப்பில் ஊசிமுனைத் துளைகள் இருக்கும். வாங்கிய பிறகு புளி போட்டுத் துலக்கிவிடாதீர்கள். பித்தளைக் குத்துவிளக்குக்குச் செய்கிற வேலை அது. முந்நூறு ஆண்டு படிந்த பழுப்புத் தோல்தான் காசைக் காக்கிறது. தோலை உரித்தால் எழுத்தும் சேர்ந்து போகும். காய்ச்சி வடித்த நீரில் ஊறவைத்து மென்துணியில் ஒற்றி எடுத்தால் போதும். பச்சைப் பொடியாக உதிரும் களிம்பு வேறு, அது நோய். அந்தக் காசை மற்றவற்றிலிருந்து பிரித்து, ஈரம் படாமல் வைக்க வேண்டும்.

நாள் 5: உட்ரெக்ட்

மிடில்பர்க்கிலிருந்து இரண்டரை மணி நேரப் பயணம், பார்ப்பதற்கு அதிகமில்லை. லெய்ட்ஸெவெக் சாலையில் 1911 இல் திறந்த அக்கசாலைக் கட்டடம் நிற்கிறது. பழைய வழிகாட்டி நூல்கள் அதற்குள் நாணய அருங்காட்சியகம் இருப்பதாகச் சொல்லும். அது 2013 இலேயே மூடப்பட்டது, அக்கசாலையும் ஊரை விட்டுப் போய்விட்டது. காசு பார்ப்பதே நோக்கம் என்றால் உட்ரெக்டை அரை நாளில் முடித்துவிட்டு, ஹார்லெம் ஊரின் டெய்லர்ஸ் அருங்காட்சியகத்து நாணய அறைக்குப் போவது மேல்.

உட்ரெக்ட் டாய்ட் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். சந்தையில் பரவலாக விற்கப்படும் கம்பெனி டாய்ட்களில் ஒன்று 1790 என்று ஆண்டு போட்ட உட்ரெக்ட் காசு. மக்கள் நம்பிய காசு என்பதால் கம்பெனி கலைந்த பிறகும், 19 ஆம் நூற்றாண்டில், அதே ஆண்டைப் போட்டே கிழக்கிந்தியத் தீவுகளுக்காக மறுபடி அடித்தார்கள். அதனால் காசில் உள்ள ஆண்டு அது பிறந்த ஆண்டு என்று எண்ணிவிட முடியாது. இன்னொரு தவறு இதைவிடப் பரவலானது. இதை ‘நியூயார்க் பென்னி’ என்று பெயரிட்டு விற்கிறார்கள். நியூயார்க் ஒல்லாந்தர் கையைவிட்டுப் போனது 1664 இல். அதுவரை அதை ஆண்டதும் மேற்கிந்தியக் கம்பெனி, கிழக்கிந்தியக் கம்பெனி அல்ல. இந்த முத்திரைக் காசு பிறந்ததே 1726 இல். பெயர்ச்சீட்டில் நியூயார்க் என்று இருந்தால் விலையைப் பாதியாகக் கேளுங்கள்.

நாள் 7: பழவேற்காடு

சென்னையிலிருந்து கும்மிடிப்பூண்டி போகும் புறநகர் ரயிலில் பொன்னேரி, அங்கிருந்து பேருந்து. ஊருக்குள் கடை குறைவு, தண்ணீரும் தொப்பியும் கொண்டுபோவது நல்லது. ஒல்லாந்தர் 1613 இல் கட்டிய கெல்ட்ரியா கோட்டை இன்று புதர் மண்டிய மேடு. இரட்டைச் சிங்கக் கேடயம் கொண்ட கெல்டர்லாந்தின் பெயரைத்தான் அதற்கு வைத்தார்கள். சோழமண்டலக் கரையில் அவர்களின் தலைமையிடம் இதுவே. 1690 இல் அது நாகப்பட்டினத்துக்கு மாறியது, 1781 இல் நாகப்பட்டினத்தை ஆங்கிலேயர் பிடித்தார்கள்.

பழவேற்காட்டிலும் ஓர் அக்கசாலை இருந்தது, ஆனால் அது அடித்தது டாய்ட் அல்ல. இந்தக் கரையில் மக்கள் நம்பியது வராகன், பணம், காசு என்ற உள்ளூர் நாணயங்களை. அதனால் ஒல்லாந்தரும் அந்த அளவிலேயே அடித்து, மேலே தங்கள் மூன்றெழுத்தைப் பொறித்தார்கள். செம்புகூடப் பெரும்பாலும் ஐரோப்பாவுடையதல்ல, கம்பெனிக் கப்பல்கள் ஜப்பானிலிருந்து கொண்டுவந்து இங்கே விற்ற செம்பு. நமக்குப் பக்கத்தில் டாய்ட் அதிகம் புழங்கியது இலங்கையில். 1658 முதல் யாழ்ப்பாணமும் நாகப்பட்டினமும் தூத்துக்குடியும் ஒரே கம்பெனியின் கீழ் இருந்தன. தோணிகள் ஓயாமல் போய்வந்த கடல் அது. சிங்களத்தில் இன்றும் ‘துட்டுவ’ உண்டு. மலிவான சரக்கை ‘இரண்டு துட்டுச் சரக்கு’ என்பார்கள். மலேசியத் தமிழர் நாள்தோறும் காதில் கேட்கும் ‘டுயிட்’டும் இதே காசுதான், மலாயில் அதற்குப் பணம் என்றே பொருள்.

டாய்ட் துட்டானது தமிழ் ஒலிமரபின் வேலை. டகரம் நம் மொழியில் சொல்லுக்கு முதலாக வராது, அதனால் தகரம். கடைசி மெய் அப்படியே நிற்காது, இரட்டித்து உகரம் பெறும். கோட்டு, நோட்டு போல. ‘ஆய்’ போன்ற அந்த ஒலி நமக்கு இல்லை, உகரமாகச் சுருங்கியது. சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ்ப் பேரகராதியும் டச்சு மூலத்தையே காட்டுகிறது. எதிர்வாதமும் உண்டு. கன்னடத்தில் பணத்துக்குத் துட்டு போன்ற சொல்தான், தெலுங்கிலும் உண்டு; அவற்றில் வரும் இரட்டை டகரம் ‘வடை’யின் டகரம் போல அதிர்ந்து ஒலிக்கும். அதனால் அது திராவிடச் சொல்தான் என்பார் சிலர். அதற்கு எடை கொடுக்கத்தான் வேண்டும். ஆனாலும் ஒல்லாந்தர் இங்கே கால் வைப்பதற்கு முன்பே, மத்திய டச்சிலேயே, சிறுகாசுக்கு இந்தப் பெயர் இருந்தது. காசு போன மலாய் நாட்டுக்கும் சிங்களத்துக்கும் பெயரும் கூடவே போயிருக்கிறது. தட்டில் டச்சுப் பக்கமே தாழ்கிறது.

கோட்டைமேட்டுக்கு அருகில் ஒல்லாந்தர் கல்லறைத் தோட்டம், தொல்லியல் துறையின் பாதுகாப்பில். வாயிலில் எலும்புக்கூட்டைச் செதுக்கிய தூண்கள். கல்வெட்டைப் படிக்க உச்சிவெயில் உதவாது. காலை எட்டு மணிக்குள்ளோ மாலை நான்குக்கு மேலோ வெயில் சாய்வாக விழும்போது எழுத்தின் பள்ளத்தில் நிழல் தங்கும், போனிலேயே தெளிவாகப் படம் வரும். சுண்ணாம்புப் பொடியோ மாவோ தடவக் கூடாது, உப்புக் காற்றில் ஏற்கெனவே அரித்த கல் அது. இத்தகைய கற்களில் யு, ஒய் சேர்ந்த பழைய எழுத்துக்கூட்டலைத் தேடுங்கள். வீட்டுக்கு டச்சில் ‘ஹாய்ஸ்’. மனைவியைக் குறிக்கும் கல்லறைச் சொல்லில் அது முன்பாதியாக வரும். கழிப்பிடத்துக்கு நாம் சொல்லும் கக்கூசின் பின்பாதியும் அதே ‘ஹாய்ஸ்’தான், டச்சு ‘காக்ஹாய்ஸ்’. சீலாந்துக் கிராமங்களில் இன்றும் வீட்டை ‘ஊஸ்’ போல ஒலிக்கிறார்கள், அது நம் உச்சரிப்புக்கு இன்னும் கிட்ட நிற்கிறது.

மூன்றெழுத்துக் காசுக்கு யாராவது விலை சொன்னால் ஒன்றை நினைவில் வைக்க வேண்டும். நூறாண்டு கடந்த காசு 1972 ஆம் ஆண்டுச் சட்டப்படி தொல்பொருள், அதை நாட்டுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது. நெதர்லாந்தில் வாங்கியதை இங்கே கொண்டுவந்திருந்தால் கடைச்சீட்டைத் தொலைத்துவிடாதீர்கள். திரும்பிப் போகும்போது விமான நிலையத்தில் கேட்டால், காசு எங்கே வாங்கியது என்று காட்ட அந்தச் சீட்டு வேண்டும்.